பாராடாங் ஜெட்டியில் எரிந்த படகு

கராச்சர்மா, அந்தமான்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி பிரேமுக்கு, அக்கா ஷோபனா எழுதுவது. நீ இருக்கும் இடத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

அன்றிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. தொண்டியில் சித்தப்பா வீட்டில் இருக்கிறாய் என்று பரமசிவம் மாமா சொல்லித்தான் தெரியும். மாமா கண் ஆபரேஷனுக்காக மெயின்லேண்ட் போகிறார். நாளைக்குக் கப்பல். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிருக்கிறது. நெஞ்சிலும் கழுத்திலும் தோல் இல்லை. இடது காது பாதிதான் மிச்சம். கட்டு மாற்றும்போது அவர் போடுகிற சத்தம் வராந்தாவின் கடைசி வரை கேட்கும். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். இப்போது பக்கத்தில் நின்று காலைப் பிடித்துக்கொள்கிறேன். நான் இங்கே கராச்சர்மாவில் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன்.

அம்மா பாராடாங்கில்தான் இருக்கிறாள். வீட்டைவிட்டு வர மாட்டேன் என்கிறாள். நீ கதவைத் தட்டும்போது திறக்க ஆள் வேண்டுமாம்.

தம்பி, அன்றைக்கு ஜெட்டியில் நடந்ததை உனக்கு எழுத வேண்டும். நீயும் அங்கே இருந்தவன்தான். ஆனால் நான் எங்கே நின்றேன் என்று உனக்குத் தெரியாது. அத்தானுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தவள், சிராஜ் பாய் கடைக்குள், ஜெட்டியைப் பார்த்த ஜன்னல் பக்கம் நின்றேன். சண்டை தொடங்கியதும் பாய் ஷட்டரைப் போட்டுவிட்டார். ஜன்னலை மூட மறந்துவிட்டார்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. பெட்ரோல் மேல் புது வரி வந்தபோது ஜெட்டியில் முதலில் சிரித்தவன் நீதான். ஏறட்டும், டூரிஸ்ட்காரன்கிட்ட சேர்த்து வாங்கிக்கலாம் என்றாய். ஆனால் சுண்ணாம்புக் குகைக்கு டூரிஸ்ட்காரர்களை ஏற்றிப் போகிற சவாரி ரேட்டை ஏற்ற ஆபீசில் விடவில்லை. வரியில் வருகிற பணத்தில் ஜெட்டிக் கூரை முழுக்க சோலார் தகடு வைப்போம், பழைய என்ஜினை ஒப்படைப்பவர்களுக்குப் பேட்டரி படகு கொடுப்போம், அந்தப் படகுகளுக்கே வரிசையில் முதல் சவாரி என்று சொன்னார்கள். சொன்னபடியே செய்தார்கள்.

வரி போட்டவர்கள் எதிர்பார்த்ததும் நடந்தது. இரண்டு என்ஜின் பூட்டி ஓட்டிய ஆட்கள் ஒன்றைக் கழற்றி வைத்தார்கள். அரைப் படகு ஆளோடு கிளம்புவது நின்றது. நீர் இறங்குகிற நேரம் பார்த்து என்ஜினை அணைத்துவிட்டு, கிரீக்கில், அந்த உப்பங்கழியின் இழுப்பிலேயே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் எதிர்பார்க்காதது ஒன்றும் கூடவே நடந்தது. காலையில் எழுந்து ஜெட்டிக்கு வந்து, சவாரி இல்லாமல் உட்கார்ந்து, எதிரே சத்தமில்லாமல் போகிற படகையே பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் தினமும் பெருகினார்கள். அவர்களில் நீயும் ஒருவன்.

அதைவிடப் பெரிய காயம் அத்தான் செய்தது. அப்பா போன பிறகு ஒரே படகில் நீங்கள் இருவரும் ஓடினீர்கள். படகு அவர் பேரில். அந்த என்ஜினில் உன் உழைப்பும் இருந்தது. கொடுக்க வேண்டாம் என்று நீ சொன்னாய். அவர் கொண்டுபோய் ஒப்படைத்துப் பேட்டரி படகு வாங்கிவிட்டார். புகையைக் குடிச்சு நெஞ்சு கெட்டது போதும், வரி கட்டி ஓட்டுனா கடைசியில கையில ஒண்ணும் நிக்காது, பிரேமும் நாளைக்கு இதுலதான் வருவான் என்று எனக்குச் சமாதானம் சொன்னார். உன்னிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அது தப்பு என்று அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீ வாடகைக்கு எடுத்த படகோ பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது.

அன்றைக்கு டூரிஸ்ட் வண்டிகளின் கான்வாய் வந்து, டூரிஸ்ட்காரர்கள் இறங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்ரோல் படகுக்காரர்கள் நீங்கள் ஜெட்டி வாயில் கயிறு கட்டி மறித்திருந்தீர்கள். அத்தானின் அண்ணன் நாகரத்தினம், அவரும் பேட்டரி படகுக்காரர்தானே, கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினார். நீ முன்னால் வந்து, இந்தப் படகு தண்ணியில ஓடல, எங்க வயித்து மேல ஓடுது என்றாய். உன் தொண்டை நரம்பு புடைத்தது எனக்கு ஜன்னலிலிருந்து தெரிந்தது. உன் கூட்டாளி ரியாஸ்தான் உன் தோளைப் பிடித்து இழுத்து, சோடு யார், விடுடா, பேசி முடிச்சுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முதுகைக் காட்டி நின்ற அந்த நேரம் நாகரத்தினம் படகு தள்ளுகிற மூங்கிலால் அவன் மண்டையில் போட்டார். முதல் அடி அவருடையது. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகு மனிதர்களாய் யாரும் இல்லை. துடுப்பு, கொக்கிக் கம்பு, நங்கூரம், கையில் எது கிடைத்ததோ அது. ஒருவன் கன்னத்தில் கொக்கி மாட்டி, அதை இழுத்த விதத்தை இன்னும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். படகுக்கும் ஜெட்டிச் சுவருக்கும் நடுவில் விழுந்த ஒருவனின் கால் எலும்பு முறிந்த சத்தம் கடைக்குள் கேட்டது. டூரிஸ்ட் பெண் ஒருத்தி சேற்றில் விழுந்து, அவள் மேலேயே ஆட்கள் மிதித்து ஓடினார்கள். சிராஜ் பாய், பாகோ, பாகோ என்று உள்ளேயிருந்தே கத்திக்கொண்டிருந்தார். ஓட இடம் எங்கே இருந்தது?

அத்தான் யாரையும் அடிக்கவில்லை. படகைக் காப்பாற்றுகிற எண்ணத்தில் அதில் குதித்து, கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உன் படகிலிருந்து நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு நீ வந்தாய். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாய். முன்பக்கத்தில் ஊற்றினாய், சீட்டில் ஊற்றினாய். குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். அவர் சட்டையிலும் பட்டிருந்தது. பிரேம், உள்ள நான் இருக்கேன்டா என்றார். எனக்கே கேட்டது. உனக்குக் கேட்டதா என்பதுதான் எனக்குத் தெரியாது. மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன். நீ லைட்டரைத் தட்டியதைப் பார்த்தேன். முதல் தடவை பற்றவில்லை. இரண்டாவது தடவை தட்டினாய்.

தீ உயரமாக எழும்பவில்லை, அகலமாக வந்தது. அத்தான் எரிந்துகொண்டே தண்ணீரில் குதித்தார். பெட்ரோல் தண்ணீர் மேலும் மிதந்து எரிந்தது. அவர் தலையைத் தூக்கிய இடமெல்லாம் தீயாக இருந்தது. மூழ்கினார், எழுந்தார், மறுபடி மூழ்கினார். பேட்டரி வெடித்த சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் நீ ஜெட்டியின் மறுபக்கம் குதித்து, அலையாத்தி மரங்களுக்குள் போய்விட்டாய்.

நீ பார்க்காதது இனிமேல்தான்.

ரியாஸ் குதித்தான். மண்டை உடைந்து ரத்தம் கண்ணில் வழிய, தீக்குள் கையை விட்டு, அத்தானின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் உடம்பெல்லாம் பெட்ரோல், கையெல்லாம் வெந்த தோல். அந்தக் கோலத்தில் அவனைப் பார்த்தவர்கள், இவன்தான்டா வெச்சது என்று கத்தினார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. நான் ஷட்டரைத் தூக்கி வெளியே வருவதற்குள் ஜெட்டிக் கம்பியில் அவன் முகத்தை மோதினார்கள். விட்டபோது ஒரு கண் இல்லை.

வண்டிகளை ஏற்றிக் கடத்துகிற வெஹிக்கிள் ஃபெர்ரி அக்கரையில் இருந்தது. அது வரும்வரை ஆம்புலன்ஸ் ஜெட்டியில் நிற்க வேண்டியதாயிற்று. அத்தானுடைய ஆதார் கார்டும் துணியும் எடுக்க வீட்டுக்கு ஓடினேன். வழியில், பதிலுக்குக் கொளுத்தப்பட்ட பெட்ரோல் படகுகள் எரிந்துகொண்டிருந்தன. நீ வாடகைக்கு எடுத்ததும் எரிந்தது. அம்மா வீட்டு வாசலில் நாகரத்தினமும் ஒரு கும்பலும் நின்றார்கள். தீ வைத்தது நீ என்று அவர்களுக்குத் தெரியாது. கயிறு கட்டியவன், கூட்டம் சேர்த்தவன் நீ என்று தேடி வந்தவர்கள். அம்மாவின் முடியைப் பிடித்து வெளியே இழுத்து, மகனை எங்கே ஒளித்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோழிக்கூட்டு மேல் இருந்த வெட்டுக்கத்தியை எடுத்தேன். விடுங்க என்று ஒரு தடவை சொன்னேன். நாகரத்தினம் விடவில்லை. அவர் கையில் வெட்டினேன், தம்பி. என் புருஷனோடு கூடப்பிறந்தவர் கை. எலும்பில் கத்தி நின்று, இழுக்க வேண்டியிருந்தது. கூட்டம் பின்வாங்கியது. அவர் என்னையே பார்த்தார். நீங்களுமா அண்ணி... என்று அவர் கூட வந்தவன் ஒருவன் சொன்னான். கத்தியைக் கழுவாமலே ஆம்புலன்ஸுக்கு ஓடினேன்.

அதற்காக அவர் என் மேல் புகார் கொடுக்கவில்லை. கையில் தையலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அத்தானைப் பார்த்துவிட்டுப் போனார். என்னிடம் பேசவில்லை.

அத்தானிடம் போலீஸ் வந்து கேட்டார்கள். புகையில ஒண்ணும் தெரியல சார் என்றார். அவர்கள் போன பிறகு என்னிடம், பிரேம் பத்திரமா இருக்கானா என்று கேட்டார். அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னலில் நின்றதைச் சொன்னேன். என் கை போனது போனதுதான், அவனும் போகணுமா, விடு என்றார். அப்ப ரியாஸ் என்று கேட்டேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரியாஸ் அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டில் கிடக்கிறான். வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது. கேஸ் அவன் மேல். அவன் அம்மா ஜைனப் அக்கா மகனுக்குக் கஞ்சி கொண்டுவரும்போது அத்தானுக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறாள். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகன் இதைச் செய்யலம்மா, நீ அங்கதானே இருந்தே, பார்த்தியா என்று கேட்டாள். நான் தூக்குச்சட்டியைக் கழுவப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன்.

ரியாஸ் உன்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லவில்லை.

என்னையும் மாஜிஸ்திரேட் முன்னால் வந்து பார்த்ததைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மாமா வந்து சேர்ந்த பிறகு சென்னையிலிருந்து ஒரு கப்பல் கிளம்புகிறது. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு அதில் ஏறு. ஹாடோ துறைமுகத்தில் நான் நிற்பேன். உன்னைப் பிடித்துக்கொடுக்க ஆளோடு நிற்க மாட்டேன். இருவரும் நடந்தே ஸ்டேஷனுக்குப் போகலாம். வழியில் உனக்கு டீ வாங்கித் தருகிறேன்.

நீ வந்து பேசிவிட்டால் நான் பேச வேண்டியிருக்காது. வந்துவிடு தம்பி. அக்காவை அந்தக் கூண்டில் நிற்க வைக்காதே.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா ஷோபனா.


பாராடாங்,
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி பிரேமுக்கு,

இந்தக் கடிதத்தை போர்ட் பிளேயர் ஜெயில் விலாசத்துக்கு எழுதுகிறேன். அவர்கள் முதலில் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். படிக்கட்டும். மறைக்க என்னிடம் இப்போது ஒன்றுமில்லை.

அந்தக் கப்பல் வந்த அன்று கடைசி ஆள் இறங்கும்வரை ஹாடோவில் நின்றேன். என் கடிதத்தை நீ இரண்டு தடவை படித்தாய், மடித்துப் பாக்கெட்டில் வைத்தாய், சாப்பிடாமல் வெளியே போனாய் என்று மாமா பிறகு போனில் சொன்னார். வருவதா வேண்டாமா என்று தவித்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். நீ வேண்டுமென்றே ரியாஸை மாட்டவிடுகிறவன் இல்லை. பயந்துவிட்டாய்.

நான் சொல்லிவிட்டேன். மாஜிஸ்திரேட் அம்மா, யாருடைய தம்பி என்று திரும்பவும் கேட்டார். என் தம்பி என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். நாகரத்தினம் மூங்கிலால் முதலில் அடித்ததையும், நான் அவர் கையை வெட்டியதையும் சேர்த்தே சொன்னேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் நீ மட்டும்தான் கெட்டவன் என்று ஆகிவிடும். அந்த ஜெட்டியில் அன்றைக்கு நல்லவன் ஒருவன்தான், அத்தானைத் தூக்கத் தண்ணீரில் குதித்த ரியாஸ். இப்போது நாகரத்தினம் மேலும் கேஸ், என் மேலும் கேஸ்.

தொண்டியில் உன்னைப் பிடித்தபோது நீ ஓடவில்லை, கையை நீட்டினாய் என்று சித்தப்பா சொன்னார். அதைக் கேட்டு அம்மா அழுதாள். என்னிடம் அவள் பேசுவதில்லை. நான் வைக்கிற குழம்பைத் தொடுவதில்லை. பெத்தவ நான், வளர்த்தவ நீ, நீயே காட்டிக்குடுத்தியே என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. இன்னொரு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். நான் சாட்சி சொன்னதற்காகக் கொஞ்ச காலம் என்னை ஊட்ட விடாமல் தட்டில் முகத்தை வைத்துச் சாப்பிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. ரியாஸ் வெளியே வந்து எங்கள் வாசலில் நின்ற அன்றைக்குத்தான் மாறினார். ரியாஸ் கண் கட்டோடு உள்ளே வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். டீ ஆறியது. கிளம்பும்போது ரியாஸ், பிரேமைப் பார்த்தா சொல்லுங்கக்கா, நான் பார்த்தேன்னு என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் உன்னைப் பார்த்திருக்கிறான், தம்பி. அடி வாங்கும்போதும், போலீஸ் கேட்டபோதும் உன் பேர் அவன் வாயில் வரவில்லை. இதைத் தாங்கிக்கொள்ள உன்னால் முடியுமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். தெரியாமல் இருப்பது உனக்கு நல்லதில்லை.

ஜெட்டி திறந்துவிட்டது. பெட்ரோல் வரி அப்படியே இருக்கிறது. அதை எடுக்க மாட்டார்களாம். ஆனால் முதல் சவாரி என்கிற விதியை எடுத்துவிட்டார்கள். எல்லாப் படகுக்கும் ஒரே வரிசை. படகு மாற்றுகிறவரைக்கும் சவாரி இழக்கிறவர்களுக்கு அந்த வரியிலிருந்தே மாதம் ஏதோ கொடுக்கிறார்கள். மீட்டிங்கில் ஆபீசர் இதைப் படித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. கன்னத்தில் தழும்போடு ஒருவன் எழுந்து, இதை அப்பவே செஞ்சிருந்தா என்று ஆரம்பித்தான். முடிக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

எரிந்ததற்குப் பதிலாக எங்களுக்கு வேறு பேட்டரி படகு வந்திருக்கிறது. நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. அத்தான் முன்னால் உட்கார்ந்து, இடது பக்கம், வேரு இருக்கு, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வருவார். முதல் நாள் கிரீக் நடுவில் படகை நிறுத்திவிட்டேன். எந்தச் சத்தமும் இல்லை. நண்டு சேற்றில் ஓடுவது கேட்டது. இந்த அமைதியை உனக்குக் காட்டத்தான் அத்தான் அந்த என்ஜினைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்திருக்கலாம். அதை அவரிடம் திரும்பவும் சொன்னேன். ஆமாம் என்றார்.

போன இரண்டு ஞாயிறும் உன்னைப் பார்க்க வந்தேன். அக்கா வந்திருக்கிறாள் என்று சொல்லியும் நீ வெளியே வரவில்லை. நான் கொண்டுவந்த மீன் குழம்பை உள்ளே அனுப்ப முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறும் வருவேன். அதற்கடுத்ததும் வருவேன். நீ என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம். உன்னால்தான் உள்ளே இருக்கிறேன் என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லார் காதிலும் விழும்படி திட்டு. அத்தான் அன்றைக்குக் கூப்பிட்டது உன் காதில் விழுந்ததா என்று நான் கேட்கவே மாட்டேன். வெளியே மட்டும் வா, தம்பி. உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் தரையில் படுக்காதே.

உன்னைத் தூக்கி வளர்த்தவள்,
ஷோபனா.